சைலன்சருக்குள் அரக்குப் பட்டு

தாமலில் லோகாம்பாளை நம்பி ஒரு காரியத்தில் இறங்கியவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அவள் கெட்டவள் என்று சொல்லவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஊர் முன்கூட்டியே உஷாராகியிருக்கும். பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவள் அவள்தான். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற இரண்டு பேரிடமும் தனித்தனியாக "என் ஓட்டு உனக்குத்தான்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, ஓட்டுப் போடுகிற நாளில் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனவளும் அவள்தான்.

ஆனாலும் அவள் செய்ததிலேயே பெரிய காரியம் ஊருக்குத் தெரியாது. கட்டின புருஷனின் டிராக்டர் சைலன்சருக்குள் ஒரு கைப்பிடி பட்டு நூலைத் திணித்து, எட்டொன்பது வருஷமாக அந்த வண்டியின் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

விவசாயி வீட்டில் பட்டு நூல் எப்படி வந்தது என்று கேட்கலாம். லோகாம்பாள் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில். அவள் புருஷன் கண்ணாயிரம் தாமலில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. ஒருநாள் காலையில் அவர் டிரெய்லர் நிறைய வைக்கோலோடு அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, தெரு நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். நெய்யப்போகிற பட்டு இழைகளை அப்படித் தெருவிலே நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். பாவு நிற்கிற நேரத்தில் எந்த வண்டியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

"வண்டிய ஆஃப் பண்ணுய்யா, பொகை பட்டு மேல படியுது" என்றாள் லோகாம்பாள். அப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வேறு ஒருவனோடு.

"ஆஃப் பண்ணா திருப்பி ஸ்டார்ட் ஆவாதும்மா."

"ஆவலைன்னா நாங்க தள்றோம்."

அவர் நிறுத்தினார். பாவு அரைமணியில் முடிந்துவிட்டது. லோகாம்பாள் போய், இன்னொரு பாவு வருகிறது, இருங்கள் என்றாள். அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டுப் பாவு வருகிறது என்றாள். வராத பாவுகளுக்காக உச்சி வெயில் வரைக்கும் உட்கார்ந்திருந்த மனுஷன், விஷயம் புரிந்தபோது கோபப்படாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து வந்தது தம்பி கலியாணசுந்தரம் ஒருவன்தான். அன்றிலிருந்து அவன் தறியில் கழிந்த பட்டு நூலையெல்லாம் கோணிப்பையில் கட்டி அனுப்புவான், மச்சான் கிரீஸ் துடைக்க ஆகும் என்று. ஜில்லாவிலேயே பட்டால் துடைத்த டிராக்டர் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த டிராக்டரில் கண்ணாயிரம் உழாத நிலம் தாமல் ஏரியைச் சுற்றி இல்லை. ஐம்பத்தைந்து தாண்டியதும் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. மனுஷன் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து நிலத்துத் தேவேந்திரனின் கத்திரித் தோட்டத்துக்குள் வண்டியை விட்டுவிட்டு, குறுக்கே எருமை வந்தது என்றார். அந்தப் பக்கத்தில் யாருக்கும் எருமை கிடையாது. இன்னொரு நாள் ஏரிக்கரையில் வெள்ளையடித்த மைல்கல்லை ஆடு என்று நினைத்து, அது நகர்கிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார். ஊரே சிரித்தது. லோகாம்பாளும் கூடவே சிரித்தாள்.

மூன்றாவது தடவை சிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த இளவரசி என்ற சின்னப் பெண், டிராக்டரின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்து எழுந்தாள். கண்ணாயிரம் அவளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்த லோகாம்பாள் போட்ட கத்தலில்தான் பிரேக்கை மிதித்தார். அன்று அவளுக்கு ஏற்பட்ட பயம் உடம்பை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. கண் தெரியவில்லை, ஓட்டாதே என்று சொல்லிப் பார்த்தாள். "எவனுக்குக் கண்ணு தெரியல?" என்று எகிறினார். சரி, இந்த ஆளிடம் பேச்சு எடுபடாது என்று முடிவு கட்டினாள். கோணிப்பையில் மேலாகக் கிடந்தது அரக்குப் பட்டு, தம்பி யாருக்கோ முகூர்த்தப் புடவை நெய்த மிச்சம். ஒரு கைப்பிடி எடுத்து உருட்டி, பானெட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற சைலன்சர் குழாய்க்குள் போட்டுத் துடைப்பக் காம்பால் குத்தி இறக்கினாள்.

மறுநாள் வண்டி கிளம்பவில்லை. வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் சாமுவேல் வந்தார். டீசல் பம்பைக் கழற்றினார், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினார், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். அவர் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் "சாமுவேலு, டீ ஆறுது பா" என்று கண்ணாயிரம் கூப்பிட்டுவிடுவார். அது ஏரிக்கரை அம்மன் செயல் என்றே லோகாம்பாள் நினைத்தாள். எஞ்சினை மொத்தமாகப் பிரித்தால்தான் தெரியும் என்று சாமுவேல் கையை விரித்தார். வேண்டாம், இருக்கட்டும் என்று கண்ணாயிரம் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். நிலத்தை வாடகை வண்டி வந்து உழுதது. இரண்டு வருஷம் கழித்து, டிவியில் தெரிவது ஆணா பெண்ணா என்று தெரியாமல் போனபோது, மகன் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துவைத்தான். இப்போது பேப்பரில் வருகிற பொடி எழுத்தெல்லாம் படிப்பார். அதையும் தினம் காலையில் ஷெட்டுக்குள் போய், ஓடாத டிராக்டரின் சீட்டில் உட்கார்ந்துதான் படிப்பார்.

மகன் மணிவண்ணன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன மாதம் வெள்ளைக் கார் ஒன்று வாங்கினான். கார் வாங்கியவனுக்கு அடுத்த கவலை அதை எங்கே நிறுத்துவது என்பது. ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"நைனா, அந்த டிராக்டர் சும்மாதான நிக்குது. சனிக்கெழம காயலான் கடை வண்டிய வரச் சொல்லிருக்கறேன்."

கண்ணாயிரம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குள் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக லோகாம்பாள் அதைப் பார்த்தாள். நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி. உடைந்து செத்ததல்ல, இவள் கையால் மூச்சடைத்துச் செத்தது. அது லாரியில் ஏறிப் போனால் இந்த மனுஷன் காலையில் எங்கே போய் உட்காருவார்?

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு அனுப்பு" என்றாள் மகனிடம். "கெளம்பிச்சுன்னா ஷெட்டுப் பக்கமே நீ வரக் கூடாது. கெளம்பலைன்னா கொண்டுபோ, நான் வாயத் தொறக்கல."

மணிவண்ணன் சிரித்தான். எப்படியும் கிளம்பாது என்ற தைரியம். "சரிம்மா. சனிக்கெழம வரைக்கும் டைம்."

வெள்ளிக்கிழமை காலையில் சாமுவேல் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. இந்த வண்டியைச் சரிசெய்ய முடியாமல் போனதை வாலாஜாபாத்தில் இன்னும் சொல்லிக் கிண்டல் செய்கிறார்களாம். இந்த முறை விடுவதாக இல்லை என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். பழைய டீசலை இறக்கினார். அது கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக வந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"பாத்தியா, எலிதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று லோகாம்பாள் கையைத் தட்டினாள். அந்த எலிக்கு அவள் கோயில் கட்டியிருப்பாள்.

நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு, சாமுவேல் முன்பக்கத்துப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தார். முதலில் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு, காத்திருந்து, இரும்புக் கம்பி போட்டு நெம்பியதும் முனகிக்கொண்டே திரும்பியது.

"ஜாம் ஆவலண்ணா! உயிர் இருக்குது!" என்று கத்தினார். கண்ணாயிரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி, சைலன்சரையும் கழட்டிப் பாத்துடலாம்" என்று சாமுவேல் ஸ்பானரை எடுத்ததும் லோகாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னிக்கு அமாவாச" என்றாள்.

"அதுக்கின்னாக்கா?"

"பிள்ளையார்பாளையத்துல அமாவாசைன்னா தறியத் தொட மாட்டாங்க. ஆயுதத்துக்கு ரெஸ்ட்டு. கழட்டினா ஆவாது."

"இது தறி இல்லியேக்கா. எங்களுக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு."

அவள் வேறு ஏதாவது சாமியைத் தேடிக்கொண்டிருக்கும்போது கண்ணாயிரம் குறுக்கே வந்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம் சாமுவேலு. ஆயிலும் ஊறட்டும். அவ சொன்னா கேட்டுக்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்னதற்கு அவர் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சாப்பிட்டுவிட்டு வீடு உறங்குகிற நேரத்தில், கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். பானெட் மேல் ஒரு காலை வைத்து ஏறி, குழாய்க்குள் கம்பியை விட்டுத் துழாவினாள். பட்டு சிக்கியது. இழுத்தாள். நல்ல பட்டுக்கு ஆயுசு கெட்டி. கரிபிடித்து, கையளவு, வால் வாலாக வந்தது.

"இன்னாடி பண்ற?"

கீழே கண்ணாயிரம் நின்றுகொண்டிருந்தார். நூலை முந்தானைக்குள் திணித்துக்கொண்டாள்.

"நம்ம கோழியக் காணோம். இதுல முட்டை வச்சிருக்குதான்னு பாக்கறேன்."

"சைலன்சர்லயா?"

"அதுக்கு எங்க வைக்கணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவர் குழாயை அண்ணாந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். "பொரிச்சா சொல்லு" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மிச்சத்தையும் சுரண்டி எடுத்தாள். வீட்டுக்குள் போய் நூலை விரித்துப் பார்த்தாள். கரியை உதறினால் அரக்கு நிறம் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது. தான் வைத்த அளவு மொத்தமும் வந்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நூலின் அளவு கைக்கே தெரியும். அரிசி டிரம்முக்குள் அதைப் புதைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டாள். நாளைக்கு வண்டி கிளம்பும், சாமுவேல் பெயர் வாங்குவார், ரகசியம் ரகசியமாகவே போய்ச் சேரும். தன் சாமர்த்தியத்தை நினைக்க அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் புது பேட்டரி வந்தது, புது டீசல் வந்தது. டீசல் குழாய்களில் இருந்த காற்றையெல்லாம் சாமுவேல் எடுத்துவிட்டார். சைலன்சர் பக்கம் திரும்பியவரை, முதலில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று கண்ணாயிரம் கூப்பிட்டுவிட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கண்ணாயிரமே சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினார்.

கர் கர் கர் கர். அவ்வளவுதான். திரும்பவும் திருகினார். எஞ்சின் சுற்றுகிறதே தவிர, பற்றவில்லை. லோகாம்பாளின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. சாமுவேல் பம்பைப் பார்த்தார், நாசிலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரியா இருக்குது. அப்புறம் ஏன் புடிக்க மாட்டேங்குது?"

மணிவண்ணன் போனை எடுத்து, காயலான் கடை வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று விசாரித்தான். பாலுசெட்டிசத்திரம் தாண்டிவிட்டதாம். கண்ணாயிரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

லோகாம்பாளுக்கு உள்ளே ஏதோ இடிந்தது. பட்டை எடுத்தாயிற்று. எடுத்தும் கிளம்பவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் வாயை அடைத்து வைத்ததில் வண்டி நிஜமாகவே செத்துப்போய்விட்டது. விளையாட்டாக அடைத்தது இல்லைதான், யார் உயிராவது போய்விடுமோ என்று பயந்து அடைத்தது. ஆனாலும் கொன்றது கொன்றதுதானே. அவள் வீட்டுக்குள் ஓடி, அரிசி டிரம்மில் கையை விட்டு அரக்குப் பட்டை எடுத்துவந்து, எல்லார் நடுவிலும் போட்டாள்.

"நான்தான் பண்ணேன். இத சைலன்சர்ல அடைச்சி வச்சது நான்தான். கண்ணு தெரியாம இவரு யாரையாச்சும் ஏத்திடுவாருன்னு பயந்துக்கினு வச்சேன். சாமுவேலு, உன் மேல தப்பு இல்ல. நேத்தே எடுத்துட்டேன், அப்பவும் கெளம்பல. நானே கொன்னுட்டேன்பா."

மணிவண்ணன் வாயைப் பிளந்தான். சாமுவேல் மட்டும் அந்த நூலைக் கையில் எடுத்து எடை போட்டுப் பார்த்தார். வாலாஜாபாத்தில் பட்ட கிண்டல் முழுவதும் அவர் முகத்தில் ஓடி மறைந்தது. "சைலன்சர்லயா?" என்று நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக் குழாய்க்குள் இறக்கினார். பாதியில் நின்றது. "இன்னும் இருக்குதேக்கா!"

"இருக்காது. நான் வச்சது ஒரு கைப்பிடிதான்."

"அடீல கல்லு மாதிரி இறுக்கமா இருக்குது" என்று நாலைந்து குத்துக் குத்தினார். "அண்ணா, இப்ப அடிங்க!"

கண்ணாயிரம் ஏனோ தயங்கினார். மகன் முறைத்ததும் சாவியைத் திருகினார். கர் கர் கர். எஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு ஷெட்டுக் கூரை அதிர ஒரு வெடி. குழாயிலிருந்து ஒரு கரி உருண்டை கிளம்பி, கூரையில் மோதிப் பிரிந்து, வாசலில் நின்ற மணிவண்ணனின் வெள்ளைக் கார் மேல் நூல் நூலாகக் கொட்டியது. அதன் பின்னாலேயே கரும்புகை. அதன் பின்னால் டிராக்டர் பழையபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

சாமுவேல் துள்ளினார். தெரு ஜனம் கையைத் தட்டியது. மணிவண்ணன் காரைத் துடைக்க ஓடினான். லோகாம்பாள் மட்டும் குனிந்து நூலைப் பொறுக்கினாள். கரியை ஊதினாள். கிளிப்பச்சை. இன்னொன்றை ஊதினாள். மாம்பழ மஞ்சள்.

"நான் வச்சது அரக்கு" என்றாள். "இத யாரு வச்சது?"

"எலி இழுத்துக்கினு வந்திருக்கும்" என்றார் கண்ணாயிரம், ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு. "வழிய விடு லோகு. ஏரிக்கர வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். "மொதல்ல கண்ணு தெரியுதான்னு பாக்கறேன். அப்புறம் போலாம்." நூல்களோடு பின்னோக்கி நடந்து, தெருக்கோடிப் புளியமரத்தடிக்குப் போய் ஒரு இழையைத் தூக்கிப் பிடித்தாள். "இது இன்னா கலரு?"

"கிளிப்பச்சை!" எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"இது?"

"மாம்பழ மஞ்சள்டி! நானே வச்சது எனக்குத் தெரியாதா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சாமுவேல் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். கண்ணாயிரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

லோகாம்பாள் திரும்பி வந்து மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"நீ குத்துற சத்தம் கேட்டு, அன்னிக்கே குழாய்ல கைய விட்டுப் பாத்துட்டேன். உன்னுது ஒரு கைப்பிடி, எஞ்சின் ஒரு இருமல் இருமினா பறந்துடும். அத எடுத்துட்டு, கோணிப்பையில கெடந்ததையும் எடுத்து அடீல நல்லா இறுக்கி வச்சேன். மேல உன்னுத இருந்தாப்லயே வச்சுட்டேன்."

"ஏன்யா?"

"அந்தப் பொண்ணு சைக்கிள்ல விழுந்தது எனக்குத் தெரியவே இல்ல லோகு. நீ கத்தலைன்னா ஏத்தியிருப்பேன். கண்ணு தெரியலன்னு ஊர்ல சொல்ல எனக்கு வாய் வரல. வண்டி ஓடலன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. கண்ணு வந்தப்புறம் எடுக்கலாம்னு பாத்தேன். எடுத்தா நான் பாத்தது உனக்குத் தெரிஞ்சிடும், நீ தலைகுனிவ. உன் கையால வச்சது, நீயா எடுப்பேன்னு விட்டுட்டேன்."

"நேத்து நான் எடுத்தப்பவே மிச்சத்தச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "கோழி முட்டைன்னு சொன்னியே, அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல. நீ எதுவரைக்கும் போறேன்னு பாக்கணும்னு இருந்துச்சு. லாரி வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

வராத பாவுக்காக வெயிலில் உட்கார வைத்ததற்கு இத்தனை காலம் கழித்துப் பதில் வந்திருக்கிறது. லோகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே திட்டினாள். சைலன்சரைக் கழற்ற விடாமல் தன்னை மூன்று பேர் மாற்றி மாற்றி ஏமாற்றியிருக்கிறார்கள், எலியையும் சேர்த்து, என்று சாமுவேல் புலம்பிக்கொண்டிருந்தார். காயலான் கடை லாரி வந்து நின்றது. மணிவண்ணன் போய் அதைத் திருப்பி அனுப்பினான்.

அவள் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். டிராக்டர் மெதுவாகத் தெருவைக் கடந்து ஏரிக்கரை ஏறியது. காற்று அடித்தது, ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வெள்ளையடித்த அந்த மைல்கல் எதிரே வந்ததும் கண்ணாயிரம் வண்டியை நிறுத்தினார். ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

ஒரு நொடி லோகாம்பாள் நிஜமாகவே பயந்துவிட்டாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆடு நகரட்டும்டி" என்றார்.

ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.